சினிமாப் பெட்டி நடை ஏறியது

பனவிளையில் பட்டப்பெயர் இல்லாத ஆளைத் தேடுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. சட்டித்தலையன் உண்டு, புளிச்சாக்கு உண்டு, கமிட்டியில் பெரிய மனிதராக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தவளை என்றே பெயர். யாரும் அதற்காகச் சோறு உண்ணாமல் இருந்ததில்லை. ஆனால் தன்னைத் 'தகர ராகேல்' என்று கூப்பிடுவது ராகேலுக்குப் பொறுக்கவில்லை. காரணம், அந்தப் பெயர் அவளுக்கு வைத்தது அல்ல, அவளுடைய கிதாருக்கு வைத்தது.

கிதார் கொழும்பிலிருந்து வந்தது. அவள் அப்பா அங்கே கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பத்தில் சமையற்காரன் தவிர எல்லோரும் கிதார் வாசிப்பார்கள். அந்த வீட்டில் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒன்றை வாங்கி, கல்யாணமாகி இக்கரைக்கு வந்தபோது நகைப்பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். மாப்பிள்ளை ஜெபசீலன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். யுத்தக் காலத்தில் பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்தவன். நல்லவன். அவனுக்கு இருந்த ஒரே கோளாறு, எதையும் சரிசமமாகப் பங்கு வைத்தே தீர வேண்டும். ஒரு பலாச்சுளை கிடைத்தாலும் கத்தி எடுத்து நடுவில் கீறி, இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குக் கொடுப்பான்.

கெடுதல் நடந்தது போன கிறிஸ்துமஸில். பொஞ்சாதியின் கிதாரை ஊர் முழுக்கக் கேட்க வைக்க வேண்டும் என்று ஜெபசீலனுக்கு ஆசை. பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பழைய வயர்லெஸ் காதுக்கருவி ஒன்றைப் பிரித்தான். உள்ளே இருந்த காந்தத்தையும் செப்புச் சுருளையும் எடுத்துக் கிதாரின் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் பதித்தான். வயரை மைக் செட்டில் செருகி, தென்னை மரத்தில் கோளாம்பியைக் கட்டினான். வாயகன்ற புனல் ஒலிபெருக்கிக்கு ஊரில் அதுதான் பெயர். அரசியல் கூட்டத்துக்கு அதைப் போல ஒரு சாமான் கிடையாது. பேசுகிறவர் தக்கலையில் தும்மினால் தோட்டியோட்டில் கேட்கும். ஆனால் அதன் தொண்டையில் கனம் என்பதே இல்லை. ராகேல் முதல் கம்பியைத் தொட்டதும் ஒரு கிறீச்சு. இரண்டாவது கம்பிக்கு இன்னொன்று. கூட்டத்திலிருந்து எவனோ, "ஏட்டி ராகேலு, தகரத்த ராவுதியா?" என்று கேட்டான். ஊர் சிரித்தது. பாட்டு பாதியில் நின்றது. அவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அவள் கிதாரை வெளியே எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வருஷம் கழியப்போகும் நேரம். ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. வெற்றிக் கூட்டங்களுக்குக் கோளாம்பி கட்டிக் கட்டி ஜெபசீலனுக்குக் கையில் தழும்பு. அந்தச் சந்தோஷத்தில், மழையில் கூடாரம் கிழிந்து நொடித்துப்போன ஒரு டூரிங் டாக்கீஸின் ஆம்ப்ளிஃபயரையும், ஆள் உயரத்தில் பாதி இருக்கும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியையும் வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"சவத்த எதுக்கு வீட்டுக்குக் கொண்டு வந்திய?" என்றாள் ராகேல்.

"நீ அதுல ஒரு தடவ வாசிச்சுப் பாரு. பொறவு ஏசு."

வாசிக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பெட்டியின் முன்னால் கட்டியிருந்த துணியைத் தட்டிப் பார்க்கக் கை போய்விட்டது. ஆசை அப்படிப்பட்டது, கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வரும்.

வீட்டுக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கும் சாய்ப்பில் அன்று மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. முதலில் கோளாம்பி. ஒரே ஒரு தட்டு. "அத எடுத்து அங்கண போடுங்க, நான் உயிரோட இருக்கணும்" என்றாள். அடுத்தது வீட்டு ரேடியோ. அதன் முதுகில் கிராமபோன் வயர் செருக ஒரு துளை உண்டு. ஜெபசீலன் கிதார் வயரை அதில் செருகி, சத்தத்தை அயனி மரப் பலகையில் செய்த பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றுக்குக் கொண்டுபோனான். தடித்த கம்பியைத் தொட்டாள். மெதுவாக, கனமாக, நெஞ்சுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். ராகேல் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் மெல்லிய கம்பிகளில் விரல் ஓடியபோது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. எந்தச் சுரம் எது என்று பிரியவில்லை.

கடைசியாகச் சினிமாப் பெட்டி. குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சாதாரணமாக இருந்தது. இன்னும் திருப்பியதும் கம்பியின் சத்தத்தில் ஒரு கரகரப்பு ஏறியது. அவள் பயந்து கையை எடுத்தாள். மறுபடியும் தொட்டாள். தகரம் இல்லை இது. நன்றாகப் பாடுகிற ஒருவர் உச்சத்துக்குப் போகும்போது தொண்டை கொஞ்சம் கிழியுமே, அந்தக் கரகரப்பு. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அது மட்டும் தனியாக இருந்தால் காதைப் பிராண்டியது.

"இது கொள்ளாம், அதும் கொள்ளாம். ஒண்ணுக்கு இல்லாதது மத்ததுக்கு இருக்கு" என்று இரண்டையும் மெச்சினாள். "ரெண்டுலயும் ஒரே நேரத்துல வாசிக்க முடியுமா?"

முடியும் என்றான். கிதார் வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ரேடியோவுக்கும் ஒன்றைச் சினிமா ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுத்தான். இரண்டு பெட்டிகளும் சாய்ப்பின் மூலையில் இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றன. அவன் குமிழ்களைத் திருகினான், அவள் வாசித்தாள். "சினிமாவக் கொறைங்க. போதாது, இன்னும். நிறுத்துங்க! ரேடியோவ ஒரு சொட்டு கூட்டுங்க." தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுப்பது போலத்தான், ஒரு நிமிஷம் முந்தினால் பச்சை, ஒரு நிமிஷம் பிந்தினால் கரி. சரியான இடம் வந்ததும் அவள் குமிழை மறந்தாள். வாசித்துக்கொண்டே இருந்தாள். ஜெபசீலன் கோணிமேல் உட்கார்ந்து கேட்டான். கடைசியில் அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வேதக்கோயிலில் அசனம். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு கீர்த்தனைக்குக் கிதார் வாசிக்க வேண்டும் என்று ராகேல் கேட்டாள். கோயில் கமிட்டியின் செயலாளர் குமாரதாஸ். பாடகர் குழுவுக்குத் தலைவரும் அவரே. ஆர்மோனியத்தில் விரல் வைத்து அவர் குரலெடுத்தால் ஓட்டுக்கு மேலே புறா பறக்கும், அவ்வளவு கம்பீரம். தன் குரலுக்குப் பக்கத்தில் தகரம் கிறீச்சிடக் கூடாது என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

"சினிமாக் கொட்டகைல கெடந்த பெட்டிய கோயிலுக்குள்ள கொண்டு வரலாமா ஐயரே?" என்று போதகரிடம் கேட்டார்.

"சினிமாக் கொட்டகையில் கிடந்த ஆள்களையே நாம் உள்ளே விடுகிறோமே" என்றார் ஐயர். "ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்."

ஒரே ஒரு தடவை என்று முடிவானது. நன்றாக இல்லாவிட்டால் இனி ஒருபோதும் கோயிலுக்குள் கிதார் இல்லை. ராகேல் ஒத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம், "இதும் தகரம்னு சொன்னாவன்னா, கம்பி அவ்வளவையும் கழத்தி ஆட்டுக்குட்டிய கெட்டிருவேன். பொறவு நீங்க கெஞ்சினாலும் தொடமாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்று ஜெபசீலனுக்குத் தெரியும். அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பீடத்துக்குக் கீழே நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வாசித்தாள். சாய்ப்பில் கேட்ட அதே சத்தம், கோயில் சுவரில் பட்டு இன்னும் அழகாகத் திரும்பி வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் விரலில் இறங்கியது. ஆண்டவரே, இது போதும் என்று நினைத்தபடி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் சேலைத் தலைப்பால் காதைப் பொத்தியிருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் கொட்டாவி. ஒரு குழந்தை அழுதது.

குமாரதாஸ் வாசலில் வைத்துத் தீர்ப்பைச் சொன்னார். "பொம்பளையளுக்குக் காது போச்சு. கேட்டியா பிள்ளே, இனி அந்தச் சினிமாப் பெட்டி கோயில் நடை ஏறணும்னா, அத நானே தலைல சொமந்துட்டு வந்தாத்தான் உண்டு. அது நடக்கப்போற காரியமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராகேல் கிதாரைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அவமானத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று முதலில் அவளுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? தன் காதே தன்னை ஏமாற்றிவிட்டதா? அந்த நினைப்பு பட்டப்பெயரைவிட அதிகமாக எரிந்தது. வீட்டுக்கு வந்து கிதாரைச் சுவரோடு சாத்தினாள். கம்பியைக் கழற்றப் போனவள், முதல் முறுக்காணியைத் தொட்டுவிட்டு, அசனம் முடியட்டும் என்று விட்டுவிட்டாள். அது என்ன சாக்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

அசனத்துக்கு முந்தின நாள் கோயில் முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். ராகேலும் ஒரு தடியங்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டுச் சத்தியபாய். அவள் புருஷன் ஜான்ரோஸ் விறகுக் கட்டைச் சுமந்து கொண்டுவந்து போட்டுவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காத ராகேலு" என்று சத்தியபாய் மெதுவாகத் தொடங்கினாள். "உனக்க வாசிப்புல ஒரு கொறையும் இல்ல. ஆனா அந்தச் சத்தம், அரத்த வச்சுப் பல்ல ராவுன மாதிரில்லா இருந்துது."

"என்னத்த ராவுச்சு?" என்றார் ஜான்ரோஸ். "போர்வைக்குள்ள கெடந்து மொனங்கின மாதிரி இருந்துது. நான் ஒறங்கியே போனேன்."

"நீங்க எப்ப கோயில்ல முழிச்சிருந்திய?"

"ஏட்டி, சத்தியமாத்தான் சொல்லுதேன். கொழகொழன்னு, பதநீ காய்ச்சி பதம் தப்புன மாதிரி."

"அரம்!"

"கொழகொழ!"

ஒரே கோயில், ஒரே பாட்டு, ஒரே அடுப்பில் உண்கிற இரண்டு பேர். ராகேலின் கத்தி தடியங்காயில் பாதியில் நின்றது.

"அண்ணாச்சி, நீங்க எங்க இருந்திய?"

"எங்க இருப்பேன்? ஆம்பிளையளுக்க பக்கம், தூணுக்குக் கிட்ட."

"நீ பொம்பளையளுக்க பக்கம்" என்று ராகேல் சத்தியபாயிடம் திரும்பினாள்.

"பின்னே, நான் அவருக்க மடிலயா இருப்பேன்?" என்றாள் சத்தியபாய்.

ராகேல் எழுந்து ஓடினாள். கையில் கத்தி இருப்பதை மறந்து ஓடியதால், வீட்டு வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்த ஜெபசீலன் எழுந்து இரண்டடி பின்னால் போனான்.

"கோயில்ல பெட்டிய எப்பிடி வச்சிய?"

"எப்பிடி வைப்பேன்? ரேடியோப் பெட்டி ஆம்பிளையளுக்கு, சினிமாப் பெட்டி பொம்பளையளுக்கு. ஆளுக்கு ஒண்ணு. கூட்டத்துல ரெண்டு கோளாம்பிய ரெண்டு பக்கமும்தான கெட்டுவோம்? ஒரு பக்கத்துக்குக் கூட, ஒரு பக்கத்துக்குக் கொறையன்னு யாரும் சொல்லிரப்படாதுல்லா?"

"கோளாம்பி ரெண்டும் ஒண்ணுபோல உள்ளது. இது ரெண்டும் வேற வேறல்லா!" ராகேலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நாளைக்கு அசனத்துல ஆம்பிளையளுக்கு வெறும் சோறும், பொம்பளையளுக்கு வெறும் கொழம்பும் வெளம்புனா என்ன நடக்கும்?"

ஜெபசீலன் யோசித்தான். "அடி விழும்" என்றான். பிறகு அவன் முகம் மாறியது. "ஐயோ."

"நடுவுல இருந்தது நான் ஒருத்தி. எனக்கு மட்டும் பெசைஞ்ச சோறு. ஊருக்கு ஒக்கப் பட்டினி!"

அவன் தலையில் கைவைத்துக்கொண்டு நடைக்கல்லில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவாள் என்று நினைத்தான். அவளோ கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவன் தலையைப் பிடித்து ஆட்டினாள். அவள் காது அவளை ஏமாற்றவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை.

அசனத்தன்று மழை விலகி வெயில் அடித்தது. கோயிலுக்குத் தெற்கே உள்ள வெட்டவெளியில், ஒரு பக்கம் ஆண்கள் பந்தி, ஒரு பக்கம் பெண்கள் பந்தி. நடுவே ஓலைப்பாயில் சோறு மலையாகக் குவிந்திருந்தது. அந்தச் சோற்றுக்குப் பின்னால், ஒரு கட்டிலைப் போட்டு, கீழே ரேடியோவின் அயனிப் பெட்டி, அதன் தலைமேல் சினிமாப் பெட்டி என்று ஜெபசீலன் அடுக்கினான். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. ராகேல் இந்தத் தடவை முக்காலியில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருக்கவில்லை. கிதார் வயரை நீளமாக விட்டுக்கொண்டு ஆண்கள் பந்தியின் கடைசி இலை வரைக்கும் நடந்து ஒரு கம்பியைத் தட்டினாள். பெண்கள் பந்தியின் கோடிக்குப் போய் இன்னொன்றைத் தட்டினாள். "சினிமாவ ஒரு மயிரளவு கொறைங்க" என்று அங்கிருந்து கூவினாள். இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

குழம்பு வாளியோடு குமாரதாஸ் வந்து நின்றார். "கமிட்டில முடிவு பண்ணியாச்சே பிள்ளே. கோயிலுக்குள்ள கிதார் கெடையாது."

"இது கோயிலா அண்ணாச்சி? அடுப்படி."

குமாரதாஸ் ஐயரைப் பார்த்தார். ஐயர் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே, "குமாரதாஸ், குழம்பு ஆறுகிறது" என்றார்.

ராகேல் வாசிக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை வாசித்த அதே கீர்த்தனை. முதல் சுரம் எழுந்தபோது, சோறு பிசைந்துகொண்டிருந்த கைகள் பல ஒன்றாக நின்றன. கனம் கீழே தரையோடு வந்தது, அதன் மேலே அந்தக் கரகரப்பு ஏறி நின்றது, இரண்டும் எங்கே சேர்ந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. ஜான்ரோஸ் உருண்டையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். சத்தியபாயின் கை காதுக்குப் போகவில்லை, நெஞ்சுக்குப் போனது. ஒரு அடி முடிந்து இரண்டாவது அடிக்கு வரும்போது ராகேல் கொழும்பில் கற்ற துள்ளல் தாளத்தை உள்ளே விட்டாள். பிள்ளைகள் பந்தியிலிருந்து எழுந்து குதித்தார்கள். யாரும் அதட்டவில்லை.

குமாரதாஸ் கையில் வாளியும் அகப்பையுமாக இரண்டு பந்திக்கும் நடுவே நின்றார். அவர் பாட்டுக்காரர். பிடிக்காத ஆள் வாசித்தாலும் நல்ல சத்தத்துக்கு முன்னால் பாட்டுக்காரனால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. மூன்றாவது அடியில் அவர் குரல் தானாகவே எழுந்தது. தன் குரலைக் கிதார் மறைத்துவிடும் என்று அத்தனை நாள் பயந்தவர் அவர். இப்போது அந்தச் சத்தம் அவர் குரலுக்குக் கீழே தோள் கொடுத்துத் தூக்கியது. அவர் வாழ்நாளில் எட்டாத ஒரு உச்சத்தில் போய் நின்றார். பந்தி முழுக்கப் பாடியது. ஆர்மோனியக்காரர் குழம்பு வாளியோடு நின்று பாடிய அந்தக் காட்சியை ஊர் பல வருஷம் சொல்லிச் சிரித்தது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் சோறெல்லாம் ஆறிவிட்டிருந்தது. "ஏலே, கொள்ளாம்டே!" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் வந்தது. போன கிறிஸ்துமஸில் தகரத்தைப் பற்றிக் கேட்டவனின் குரல்தான் அது. ராகேல் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். அவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அந்தக் கும்பிட்டில் மரியாதை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

பந்தி கலைந்து, பாத்திரம் கழுவும் நேரத்தில் குமாரதாஸ் கட்டிலின் பக்கத்தில் வந்து நின்றார். விரலை மடக்கி இரண்டு பெட்டிகளையும் தட்டிப் பார்த்தார்.

"அண்ணைக்கு ஏன் இப்பிடிக் கேக்கல?"

"அண்ணைக்குச் சோறும் கொழம்பும் தனித்தனியா வெளம்பிட்டோம் அண்ணாச்சி" என்றாள் ராகேல். ஜெபசீலன் வயரைச் சுற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குமாரதாஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதைச் சுற்றிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தார். சுற்றி நின்றவர்களுக்கு முதலில் விஷயம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முற்றம் முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது.

"தூக்கி விடுலே" என்றார் ஜெபசீலனிடம். "சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளைக்கு ஞாயித்துக்கெழம."

சினிமாப் பெட்டி பாடகர் குழுத் தலைவரின் தலைமேல் ஏறியது. ஐயர் கை தட்டினார். பெண்கள் குரவையிட்டார்கள், கோயில் முற்றத்தில் அப்படிக் குரவை இடலாமா என்று கேட்க வேண்டிய செயலாளர் பெட்டிக்கு அடியில் இருந்தார். கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி அவர் கோயில் நடை ஏறினார். கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு ராகேல் பின்னாலேயே ஏறினாள். அவளுக்குப் பின்னால் அயனிப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஜெபசீலன்.

உள்ளே போனதும் குமாரதாஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "பிள்ளே, பெட்டி ஆம்பிளையளுக்க பக்கமா, பொம்பளையளுக்க பக்கமா?"

ராகேல் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஜெபசீலன் கத்தினான்.

"நடுவுல வைங்க அண்ணாச்சி! ரெண்டையும் நடுவுல!"